இப்படியும் வாசிக்கலாம்

ஏ-லெவலுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளை இருக்கிற வீட்டில் 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு பதில்களும் இரண்டு வருடத்துக்குக் கிடைக்காது. கணக்கும் இரசாயனமும் எடுத்த பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இது அப்படியல்ல. என் தங்கையின் மகனை நான் சொல்லவில்லை. இங்கிலாந்துத் தமிழ் வீடுகளைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

பொதுவாக ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொதுவாக ஒரு தாய், ஆளுக்கு இரண்டு என்று எண்ணிப் பொரித்த அறக்குளா மீனில் ஒரு துண்டைக் காணாமல் நிற்கிறாள்.

"தம்பி, அப்பாவுக்கு வைச்ச மீனை நீயே எடுத்தனி?"

"அதை ரெண்டு விதமா வாசிக்கலாம் அம்மா."

"வாசிக்கவோ? நான் மீனைக் கேக்கிறன்."

"பிராட்லியின்ர பார்வையில நான் அப்பாவி. மீனை மூடாமல் வைச்சு என்னை விழுத்தினது வேற ஆள். லீவிஸ் அதை ஏற்கமாட்டார். பிழை முழுக்க என்ர குணத்திலதான் எண்டுவார்."

தாய் கொஞ்சம் யோசித்தாள். "அந்த லீவிஸ் நல்ல பெடியன் போல கிடக்கு. நீ அவனோடயே சேர்."

அந்தப் பெடியன் 1937இலேயே எழுதி முடித்துவிட்டான் என்று அவளுக்கு யார் சொல்வது? பிள்ளை படிப்பது ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகம். ஏ. சி. பிராட்லி 1904இல் வெளியிட்ட நூலில் ஒதெல்லோவை உன்னதமான மனிதன், இயாகோவின் சூழ்ச்சிக்குப் பலியானவன் என்றார். எஃப். ஆர். லீவிஸ் வந்து, அவன் தன்னைப் பற்றித் தானே பெரிதாக நினைத்துக்கொண்டவன், இயாகோவுக்கு அதிக வேலையே இருக்கவில்லை என்றார். இருவரையும் ஒரே பந்தியில் மோதவிட்டால் புள்ளி விழும். இங்கே இந்தப் பாடத்துக்கு ஐந்து மதிப்பீட்டு இலக்குகள். ஐந்தாவது, ஒரு நூலைப் பல விதமாக வாசிக்கலாம் என்று காட்டுவது. பிள்ளைகள் அதை 'ஏஓ ஃபைவ்' என்பார்கள். பரீட்சை மண்டபத்தோடு நிற்கவேண்டிய இந்தச் சாமான்தான் குசினி வரைக்கும் வந்துவிட்டது.

கோப்பை கழுவச் சொன்னால், மார்க்சியப் பார்வையில் அது கூலியில்லா உழைப்பு. பெண்ணியப் பார்வையில், ஏன் எப்போதும் அம்மாவே கழுவவேண்டும்? "அப்ப நீ கழுவன்" என்றால், "அது வேற பேப்பர்" என்று மேலே ஏறிவிடும். இரவு கதவைப் பூட்டினாயா என்று கேட்டால், "பூட்டினது எண்டும் வாதிடலாம்." விடிய எழும்பிப் பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

புத்தகங்களில் நிறநிறமாக ஒட்டுத்தாள்கள் தொங்குவதையும், தெருவில் பச்சை விளக்கைக் கண்டால் 'கேட்ஸ்பி' என்று பெருமூச்சு விடுவதையும் நான் மன்னித்துவிட்டேன். அதெல்லாம் வயசு.

மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. பிராட்லியின் புத்தகத்தை நீ கண்ணால் கண்டாயா என்று கேட்டேன். காணவில்லை. ஆசிரியர் கொடுத்த தாளில் இருபது விமர்சகர்கள், ஆளுக்கு ஒரு வசனம். பிராட்லி மூன்றாவது. சரி, நாடகம் பிடித்திருக்கிறதா என்றேன்.

"அதுக்கு மார்க்ஸ் இல்லை மாமா."

இது பகிடியில்லை. குறைந்தது எட்டு நூல்கள் படிக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. மூன்று 1900க்கு முந்தியவை, அதில் ஒன்று ஷேக்ஸ்பியர். இன்னொன்று 2000க்குப் பிறகு வந்தது. வீட்டில் எழுதிக் கொடுக்கும் கட்டுரைக்கு 20 வீதம், மிச்சம் 80ம் பரீட்சைக்கு. எல்லாவற்றையும் அளந்து வைத்தவர்கள், 17 வயதுப் பிள்ளை ஒரு கதையைப் படித்துக் கோபப்பட்டதா, அழுததா என்று கேட்பதற்கு ஒரு மூலையையும் விடவில்லை. தாங்களாகக் கேட்காவிட்டாலும் போகட்டும். அந்தக் கேள்வி வீண்வேலை என்று பிள்ளையையே நம்ப வைத்துவிட்டார்கள். எனக்கு அதுதான் எரிச்சல்.

போன கிழமை டியூஷனிலிருந்து அவனை ஏற்றிக்கொண்டு வந்தேன். (சரி, தங்கையின் மகன்தான்.) பாதி வழியில், ஒருவரும் கேட்காமலே வெடித்தான்.

"அந்த எமிலியாவில எனக்குச் சரியான விசர் மாமா! கைக்குட்டையை எடுத்து இயாகோவிட்டக் குடுத்ததும் அவள்தான். டெஸ்டிமோனா தேடேக்க தெரியாது எண்டு சொன்னதும் அவள்தான். அப்பவே வாயைத் திறந்திருந்தா ஒருத்தரும் செத்திருக்க மாட்டினம். கடைசியில உண்மையைச் சொல்லி என்ன பிரியோசனம்?"

மறுபக்கம் இல்லை. பிராட்லி இல்லை. லீவிஸ் இல்லை. எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, மோட்டார்வேயில் முடியாது.

"இதை அப்பிடியே கட்டுரையில எழுதன்ரா!"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"எழுதலாம் மாமா. பிறகு டி வந்தா அம்மாவுக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்தவேணும்."