சிக்கனத்துக்கு ஒரு சல்யூட்

அனுப்புநர்: ஓய்வுபெற்ற ஹவில்தார், வரதராஜன்பேட்டை, அரியலூர் மாவட்டம்.
பெறுநர்: கணக்குப் பார்க்கும் பெரியவர்கள், பாதுகாப்பு அமைச்சகம், புதுதில்லி.

ஐயா,

இங்கே முந்திரி சீசன். வாசலில் கொட்டை காய்கிறது. ஆட்டுக்குட்டி ஊடுருவாமல் காவல் காப்பது நான்தான்.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய் என்று பேப்பரில் படித்தேன். இவ்வளவு பணத்துக்கு நடுவிலும் மிச்சம்பிடிக்க ஓர் இடத்தைக் கண்டுபிடித்தீர்களே, அதற்குத்தான் இந்தப் பாராட்டுக் கடிதம். அந்த இடம் சிப்பாயின் காலடி.

சியாச்சினை எடுத்துக்கொள்வோம். 2020 பிப்ரவரியில் வந்த சிஏஜி அறிக்கை, அங்கே பனிக்கண்ணாடித் தட்டுப்பாடு 62 முதல் 98 சதவீதம் வரை இருந்தது என்றது. புது பூட்ஸ் வராததால் பழசையே சரிபண்ணி மாட்டிக்கொண்டார்களாம். சாப்பாட்டில் ஒரு பண்டத்துக்குப் பதிலாக அதே விலையில் இன்னொன்றைக் கொடுத்ததில், கலோரி 82 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. விலை சரியாக இருந்தது, வயிறுதான் காலி. கணக்கென்றால் இதுவல்லவா கணக்கு!

அடுத்து அக்னிபாத். கல்வானில் சீனப் படையோடு மோதி நம் சிப்பாய்கள் 20 பேர் செத்தது 2020 ஜூன் 15. இரண்டு வருஷம் முடிய ஒருநாள் இருக்கையில், எல்லையில் படை முறைத்துக்கொண்டு நிற்கும்போதே, நாலு வருஷ வேலையை அறிவித்தீர்கள். நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.71 லட்சம், வட்டி நீங்கலாக அதில் பாதி அவர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த காசு. ஓய்வூதியம் கிடையாது. ஒருவன் எல்லையில் விழுந்தால், வீட்டுக்கு ஒரு தொகையைக் கொடுத்து ஃபைலை மூடிவிடலாம்.

எங்கள் ஊரில் நாலு மூட்டை கொட்டையை வறுத்து உடைத்து, ஒரு மூட்டைப் பருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றைத் திருப்பி அனுப்பும் வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். 2025 ஜூலையில் பிரதமரே வந்து சோழர் படையைப் புகழ்ந்துவிட்டுப் போனார். கடாரத்துக்குக் கப்பலேறியவர்களுக்கும் நாலு வருஷ ஒப்பந்தம்தானா என்று கோயில் சுவரில் தேடினேன். எனக்குக் கல்வெட்டு வாசிக்கத் தெரியாது. உங்கள் ஆட்களுக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

என் அக்கா மகன் விடியற்காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடுகிறான். நான் வாட்சோடு நிற்கிறேன். அக்னிபாத் ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். நேற்று ஐந்து நிமிஷம் நாற்பத்தொரு வினாடி. அவன் போட்டிருக்கும் ஷூ, அவன் அம்மா கொட்டை உடைத்த கூலியில் வாங்கியது. பெருவிரல் பக்கம் கிழிந்துவிட்டது. "மாமா, நாலு வருஷம் கழிச்சு?" என்றான். "இன்னொரு ரவுண்டு ஓடுடா" என்றேன்.

இன்னும் பதினொரு வினாடி குறைத்துவிடுவான். அவன் பூட்ஸ் சைஸ் எட்டு. இப்போதே குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
முந்திரிக் காவலில் இருக்கும்
ஒரு பழைய சிப்பாய்