இங்க்ஜெட் படங்களின் ஆயுள் நிர்ணயம்: ஒரு சாஸ்திர விசாரணை

மனிதனுடைய ஆயுளைக் கணிக்கும் சாஸ்திரம் மிகப் புராதனமானது. அவனுடைய படத்தின் ஆயுளைக் கணிக்கும் சாஸ்திரமோ, இங்க்ஜெட் யந்திரம் வீட்டு மேஜைமீது ஏறி அமர்ந்து, படம் போடும் அதிகாரம் ஸ்டூடியோக்காரர் கையிலிருந்து குடும்பஸ்தர் கைக்கு மாறிய பின்னரே பாமரர் கவலைக்கும் உரியதாயிற்று. இத்துறைக்கு மூலபுருஷராகக் கொள்ளத்தக்கவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிரின்னல் என்னும் சிற்றூரில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்து, வண்ணப்படங்களின் நிலைபேறு குறித்து 1993இல் 700 பக்கங்களுக்கு மேற்பட்ட பாஷ்யத்தை வெளியிட்ட ஹென்றி வில்ஹெல்ம் என்பவராவார்.

ஒரு படம் 100 ஆண்டு மங்காது என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம் காட்ட இயலாது. அத்தனை வயதான இங்க்ஜெட் படம் இன்னும் உலகில் இல்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை ஆப்தவாக்கியமாகக் கொள்ளலாமெனில், மை விற்பவரே ஆப்தராகும் தோஷம் குறுக்கிடுகிறது. எஞ்சியிருப்பது அனுமானம். அதன் முறை யாதெனின், 35,000 லக்ஸ் ஒளியின் கீழ்ப் படத்தை இரவும் பகலும் கிடத்தி, அது வெளிறும் அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டுச் சுவரில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் படுமென்று வைத்துப் பெருக்கிப் பார்ப்பதே. இக்கணக்கின்படி ஆராய்ச்சிக்கூடத்தின் ஒரு நாள் வீட்டுச் சுவரின் 155 நாள்களாகிறது. ஒரு நூற்றாண்டு எட்டே மாதத்தில் கழிந்துவிடுகிறது. பிரம்மதேவனின் ஒரு பகல் ஆயிரம் சதுர்யுகம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் இதற்காக வியக்க வேண்டியதில்லை.

ஈண்டு கோடக் கம்பெனியார் பூர்வபட்சம் ஒன்றை எழுப்பினர்: குடும்ப இல்லத்தில் 450 லக்ஸ் ஏது, 120 லக்ஸே இயல்பு என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், மை மாறாமல், தாள் மாறாமல், சுவரில் ஆணிகூட இடம் மாறாமல், அதே படத்தின் ஆயுள் மூன்றே முக்கால் மடங்காக நீண்டுவிடுகிறது. இத்தகைய காயகல்பம் சித்தர்களுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. ஆகவே படத்தின் ஆயுளில் பெரும்பங்கு, அதைக் கணிப்பவருடைய கூடத்து விளக்கைப் பொறுத்தது என்பதே அடியேன் துணிபு.

விளக்கையே நோக்கியிருந்த சாஸ்திரத்துக்கு 2000ஆம் ஆண்டில் காற்று மார்க்கமாகப் பங்கம் நேர்ந்தது. அவ்வாண்டு எப்ஸன் கம்பெனியார் கொணர்ந்த ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 என்னும் யந்திரங்களின் படங்களுக்குப் பத்தாண்டு ஆயுள் சொல்லப்பட்டிருக்க, சில இல்லங்களில் அவை சில வாரங்களிலும், சிலவற்றில் சில நாள்களிலுமே ஆரஞ்சு நிறம் பூண்டன. குழந்தை, கிழவர், மணமக்கள் என்ற பேதமின்றிப் படத்திலிருந்தோர் யாவரும் காஷாயம் தரித்தனர். வேறு சில இல்லங்களிலோ, அதே யந்திரம் அதே தாளில் இட்ட படம் சம்சாரத்திலேயே இருந்தது. காரணம் ஆராயப்பட்டபோது வெளிப்பட்டது இது: மை சடுதியில் உலர வேண்டுமென்று நுண்துளைகளோடு செய்யப்பட்ட பளபளப்புத் தாளில், அத்துளைகளின் வழியே காற்றிலுள்ள ஓசோன் புகுந்து, ஸயான் என்னும் நீலச் சாயத்தை முதலில் தின்றுவிட, மஞ்சளும் மஜந்தாவும் தனித்து நின்றன. காற்றைச் சுத்திகரிப்பதாகச் சொல்லி விற்கப்படும் மின்கருவிகளிற் சில தாமே ஓசோனை வெளிவிடுவன ஆதலால், சுகாதாரத்தில் சிரத்தையுள்ள குடும்பங்களே அதிகம் நஷ்டப்பட்டிருக்கவும் நியாயமுண்டு. பரிகாரம் எளிது, கண்ணாடிச் சட்டம் போதும்.

மேற்சொன்ன யந்திரங்களின் மையிலுள்ள சாயம் நீரில் கரைந்து கிடப்பது. அதற்கு மாறாக, பிக்மென்ட் மை கரையாத துகள்களால் ஆனது. துகளின் மேற்புறத்தை மட்டுமே ஒளியும் காற்றும் தீண்ட முடியுமாகையால், உள்ளிருக்கும் நிறம் நெடுங்காலம் தப்பிப் பிழைக்கிறது. அந்த மையோடு அதே 2000இல் எப்ஸன் கம்பெனியாரே கொணர்ந்த 2000பி என்னும் யந்திரத்தின் படங்களுக்கு 200 ஆண்டு ஆயுள் பேசப்பட்டது. இவ்வாக்கு பலித்ததா என்று கேட்கும் அருகதை 2200ஆம் ஆண்டில் வாழப்போகும் சந்ததிக்கே உண்டு. படம் அதற்குள் மங்கியிருந்தால் அவர்கள் முறையிடலாம், ஆனால் முறையீட்டுக்கு வாங்கிய ரசீது வேண்டும். ரசீதோ சூடு பட்டுக் கறுக்கும் தாளில் அச்சாவதாகையால், பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும்போதே சில ஆண்டுகளில் வெற்றுத்தாளாகிவிடுகிறது.