குட்டி யானையும் ஒரு பிளக்கும்

2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சாஸ் இருண்டபோது, ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட் பிக்கப் வைத்திருந்த சிலர் வண்டியிலிருந்தே வீட்டுக்கு ஒயர் இழுத்தார்கள். பின்தட்டிலேயே பிளக் பாயின்ட், 7.2 கிலோவாட் வரை தரும். அதே ஃபோர்டு, நம்ம ஊர் உத்திரமேரூரிலிருந்து எட்டிவிடுகிற தூரத்தில், மறைமலை நகரில் பல்லாண்டு கார் செய்தது. 2022-இல் கடையைக் கட்டியது. அந்த பிளக் மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

‘குட்டி யானை’ என்று நாம் கூப்பிடும் மினி லாரிக்கு வாய்த்தது சிகரெட் லைட்டர் ஓட்டை. 12 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 120 வாட். செல்போனுக்குச் சார்ஜ் ஏறும். இன்வெர்ட்டர் வைத்து 500 வாட் மிக்ஸியை மாட்டினால் ஃபியூஸ்தான் சட்னியாகும்.

அதற்காக நாம் அசந்துவிடுவோமா? ஆடி மாத அம்மன் ஊர்வலத்தைப் பாருங்கள். வண்டியில் டீசல் ஜெனரேட்டரையே ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். சீரியல் செட், டியூப் லைட், கூம்பு ஸ்பீக்கர் எல்லாம் அதன் தயவு. முன்னால் ஒரு இன்ஜின் வண்டியை இழுக்க, பின்னால் ஒரு இன்ஜின் பாட்டை அலறவிடும். ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்து, சோழர் காலத்திலேயே அதைக் கல்லில் வெட்டிய ஊர் உத்திரமேரூர். இன்ஜினும் தனித்தனியாகத்தானே இருக்கும்!

"டீசல் போட்டியாப்பா?" என்பார் விழாக்குழுக்காரர்.

"எதுக்குண்ணா, முன்னாடிக்கா பின்னாடிக்கா?"