கழட்டி அண்ணை

முள்ளியவளையில் ஒரு சாமான் பழுதானால் ஒருவரும் பதறுவதில்லை. ஒழுங்காக வேலை செய்கிற சாமானைப் பற்றித்தான் பயம். அது கழட்டி அண்ணையின் கண்ணில் படக்கூடாது. பட்டால், "உள்ளுக்கு ஒரு சின்னச் சத்தம் கேக்குது, கவனிச்சனியோ?" என்று கேட்டுக்கொண்டே குந்திவிடுவார். அவர் குந்தினால் ஸ்குறூ ட்றைவர் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

வன்னியில் ஊருக்கொரு கழட்டி அண்ணை உண்டு. தண்ணீரூற்றில் ஒருவர், குமுழமுனையில் ஒருவர், ஒட்டுசுட்டானில் இரண்டுபேர். அந்த இரண்டுபேருக்கும் கதை பேச்சில்லை.

இவர்கள் சும்மா முளைத்தவர்கள் அல்லர். 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றறி இல்லை, பெற்றோல் இல்லை, கரன்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். பெற்றோலில் இரண்டு சொட்டுக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய காலம். செத்த பற்றறியை முற்றத்தில் வெயில் காயவைத்து இன்னொரு பாட்டுக்கு உயிர்ப்பித்த காலம். அந்தக் காலத்தில் இவர்கள் பொடியன்கள். எதற்கும் ஒரு மாற்றுவழி இருக்கும், அது மூடிக்கு உள்ளேதான் இருக்கும் என்று அப்போதே நம்பிவிட்டார்கள். தடை போய்விட்டது, நம்பிக்கை போகவில்லை.

அண்ணை கழட்டிப் பூட்டிய சாமான்கள் பெரும்பாலும் ஓடும். ஆனால் இரண்டு ஸ்குறூவாவது மிஞ்சும். "கொம்பனிக்காரன் கூடப் போட்டிட்டான்" என்பார். மிஞ்சியதெல்லாம் ஒரு பழைய மா ரின்னுக்குள் போகும். அந்த ரின்னைக் குலுக்கினால் ஊரிலுள்ள அரைவாசி மின்விசிறிகளின் குரல் கேட்கும்.

அவர் கைவைக்காதது ஒன்றே ஒன்றுதான். வைகாசியில் கடல்நீர் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவார்கள், பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். உப்புத்தண்ணியில் விளக்கெரிவது எப்படி என்று வெளியூர்க்காரர் ஒருவர் அண்ணையிடம் கேட்டார். அண்ணை சால்வையை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "அது எங்கட சேர்க்கிட் இல்லை."

2022 ஐப்பசியில் லண்டனிலிருந்து அண்ணையின் அக்கா ஒரு பார்சல் அனுப்பினா. இங்கே எட்டாம் வகுப்பில் படிக்கும் தங்கச்சியின் மகனுக்கு ஒரு றோபோ வண்டி. இரண்டு சில்லு, இரண்டு மோட்டர், நாலு பற்றறி. மூளைக்கு 'மைக்ரோபிட்' என்ற, தீப்பெட்டியளவுப் பலகை. 2016இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ 10 இலட்சம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த சாமான் அது. ஒரு பலகை வண்டியில், இன்னொன்று கையில். கையிலிருப்பதைச் சரித்த பக்கம் வண்டி திரும்பும். லண்டன் மருமகனிடமும் இதே வண்டி இருந்தது. ஒக்டோபர் 31 ஹலோவீனுக்கு இரண்டுபேரும் வண்டியைப் பேயாகச் சோடித்து வீடியோவில் காட்டவேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஹலோவீனுக்குப் பூசணிக்காயைக் குடைந்து, கண் மூக்கு வெட்டி, விளக்கு வைப்பார்கள் என்று பொடியன் விளங்கப்படுத்தினான். அயர்லாந்துக்காரர் முதலில் டர்னிப் கிழங்கில்தான் முகம் வெட்டினார்களாம், அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பூசணிக்கு மாறினார்களாம். அண்ணையின் மனுசி ஒன்றுதான் கேட்டா: "வெட்டிப்போட்டுக் கறி வைக்கிறேல்லையோ?"

அண்ணைக்கு வேறு யோசனை. அந்த வருடம் சூரன் போர் ஒக்டோபர் 30. ஹலோவீனுக்கு முதல்நாள். "தலை மாத்துற சூரனை விட்டிட்டுப் பூசணிக்காய்க்குப் பின்னால போறதோ?" என்றார். ரெஜிபோமில் யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம் என்று மூன்று தலை வெட்டினார். ரிசுப்பேப்பர் ஒட்டினார், கண்ணுக்குச் சிவப்பு பல்ப் வைத்தார். தலைகள் மாறிமாறிச் சுற்றுவதற்குச் செத்துப்போன டிவிடி பிளேயரின் மோட்டர். முன்பக்கம் தூக்கியது. ஒரு இரும்பு நட்டைக் கட்டி இறக்கினார். இவ்வளவும் நல்லது. ஆனால் இடையில், "சின்னச் சத்தமொண்டு கேக்குது" என்று வண்டியை முழுதாகக் கழட்டிவிட்டார்.

திரும்பப் பூட்டியபோது, இடப்பக்கம் சரித்தால் வண்டி வலப்பக்கம் போனது.

"புறோகிராம்ல ரெண்டு நம்பரை மாத்தினாச் சரி மாமா" என்றான் பொடியன்.

"புறோகிராமுக்கு ஸ்குறூ எங்க இருக்கு?" என்று கேட்டார் அண்ணை. கேலியாகக் கேட்டாரோ கவலையாகக் கேட்டாரோ தெரியாது. கழட்ட முடியாத ஒன்று ஒரு சாமானுக்குள் இருப்பதை அவர் அன்றைக்குத்தான் சந்தித்தார். அதை விட்டுவிட்டு மின்வெட்டு நேரத்தில், டோர்ச் வெளிச்சத்தில், மோட்டர் வயர்களை இடம்வலம் மாற்றிப் பூட்டினார். அதே இருட்டில் அடுத்த அறையில் மருமகன் கொம்பியூட்டரின் மிச்ச சார்ஜில் நம்பர்களை மாற்றினான். ஒருவருக்கொருவர் சொல்லவில்லை, ஆச்சரியப்படுத்தவேண்டுமாம். கரன்ட் வந்ததும் ஓடவிட்டார்கள். இடப்பக்கம் சரித்தார்கள். வண்டி வலப்பக்கம் போனது.

அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதத்தில் இரண்டுபேர் சொன்னதும் சரி.

31ஆம் திகதி லண்டனில் பின்னேரம் 6 மணி என்றால் இங்கே இரவு 11.30. மழை விட்டிருந்தது. ஒழுங்கையில் சூரன் இறங்கினான். சிவப்புக் கண் எரிய, மூன்று தலையும் சுற்ற, வண்டி உறுமிக்கொண்டு போனது. ஃபோனுக்குள் லண்டன் பிள்ளைகள் கைதட்டினார்கள். சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்த ஆச்சி, "நேற்றெல்லோ கொண்டவங்கள், இவன் இன்னும் சாகேல்லையே?" என்றா.

பிறகு நாய்கள் வந்தன. ஏழெட்டு இருக்கும். அண்ணை பதற்றத்தில் கையில் இருந்ததை எடுத்து எறிந்தார். கையில் இருந்தது றிமோட்.

அது விழுந்து அணைந்துபோனது. மைக்ரோபிட்டுக்கு ஒரு குணம்: நில் என்று புறோகிராமில் எழுதாவிட்டால் கடைசியாகக் கேட்ட சொல்லையே பிடித்துக்கொள்ளும். கடைசியாகக் கேட்டது, முன்னுக்குப் போ. சூரன் போனான். நாய்கள் பின்னால் போயின. நாய்களுக்குப் பின்னால் போக ஆருமில்லை.

விடியத் தேடிப் போனால், ஒழுங்கை முடிவிலுள்ள வயலில், புழுதியில் விதைத்த நெல்லுக்கு நடுவே, சில்லுப் புதைந்து நிற்கிறான். பற்றறி செத்துவிட்டது, தலைகள் மட்டும் காற்றுக்கு ஆடுகின்றன. கடைசியில் மயிலாகவேண்டிய சூரன், வெருளியாக நின்று மயில் கலைத்துக்கொண்டிருக்கிறான். வயல்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "தம்பி, விதைச்ச நாள்தொட்டு மயில் இறங்காத விடியல் இண்டைக்குத்தான். முளைக்கும்வரைக்கும் நிக்கட்டும்."

அண்ணை பெருந்தன்மையாக ஓமென்றார். ஆனால் அன்றிலிருந்து பின்னேரங்களில் அந்த வயல்பக்கம் காலாறப் போய்வருகிறார். திரும்பி வரும்போது அவருடைய சட்டைப்பைக்குள் ஏதோ கிலுங்குகிறது.