நாலுகால் காலைக்கடன்

கே: நாயின் மலத்தைத் தினமும் பார்த்தே ஆகவேண்டுமா? குமட்டுகிறதே! (வாசகி, கரமனை)
ப: வாயில்லா ஜீவன் வேறெப்படித்தான் சொல்லும்? மூக்கைப் பொத்திக்கொள்ளத் தடையில்லை. கண்ணை மூடத்தான் கூடாது.

கே: ஆரோக்கியமான மலம் எப்படி இருக்கும்? (வாசகர், கவடியார்)
ப: டாக்டர்கள் 1 முதல் 7 வரை மார்க் போடுவார்கள். 1 என்றால் கூழாங்கல், 7 என்றால் வெறும் தண்ணீர். வடிவம் கலையாமல், கொஞ்சம் ஈரமாக, அள்ளினால் கையோடு வந்துவிடுகிற 2 அல்லது 3தான் உத்தமம். முதல் ரேங்க் வேண்டாத ஒரே பரீட்சை!

கே: நிறம் மாறினால்? (வாசகர், பேட்டை)
ப: தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுத்தால் இரைப்பையிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது, வழியில் செரித்துக் கறுத்துவிட்டது. பளிச்சென்ற சிவப்பு பெருங்குடல், ஆசனவாய்ப் பக்கத்துச் சமாச்சாரம். வெளுத்துப் பொடிந்தால் எலும்பு அதிகம் போட்டிருக்கிறீர்கள். குவியல் குவியலாக, எண்ணெய்ப் பளபளப்போடு போய், நன்றாகத் தின்றும் நாய் மெலிந்தால் கணையத்தைச் சந்தேகிக்கலாம். சிவப்பைக் கண்டு ஓடுகிறவர்கள் கறுப்பைக் கண்டால் நடக்கிறார்கள். இரண்டுக்கும் ஓடுங்கள்.

கே: பூனையின் வாலடியில் அரிசி அரிசியாக ஒட்டியிருக்கிறது. (வாசகி, சாலை பஜார்)
ப: அரிசியில்லை, நாடாப்புழுவின் துண்டுகள். உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கியிருக்கும். புழு அதற்குள் இருந்து வந்தது. மாத்திரை கொடுத்துவிட்டுத் தெள்ளை விட்டுவைப்பது, அடுத்த பந்திக்கு இலை போடுவது போல.

கே: இரண்டு மாதக் குட்டி. வாந்தி, ரத்தபேதி, தாங்க முடியாத நாற்றம். நாங்கள் போடும் வயிற்றுப்போக்கு மாத்திரையில் பாதி கொடுக்கலாமா? (வாசகர், நெய்யாற்றின்கரை)
ப: கால் கூடக் கூடாது. பார்வோவாக இருக்கலாம். மீதிப் பதிலை அப்புறம் படியுங்கள், முதலில் வண்டியை எடுங்கள்!

போய் வந்தாயிற்றா? 1978இல் அடையாளம் காணப்பட்ட வைரஸ் இது. குட்டியின் குடலை அரித்து, உடம்பின் நீரை வற்றடித்துக் கொல்லும். 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் வரை தவணை தவறாமல் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை. வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பினாயிலை நம்பாதீர்கள், வாசனைதான் மிச்சம். பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் அதற்கு எமன்.

கே: மனைவி கர்ப்பம். பூனையை வெளியேற்றச் சொல்கிறார் அம்மா. (வாசகர், வஞ்சியூர்)
ப: அம்மாவின் பயம் டாக்ஸோபிளாஸ்மா. பயம் நியாயம், தண்டனைதான் ஆள் மாறிவிட்டது. மலத்தோடு வரும் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரவே ஒரு நாளாவது ஆகும். மணல் தட்டைத் தினமும் நீங்கள் அள்ளுங்கள், இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். வெளியேற வேண்டியது உங்கள் சோம்பல்.

கே: கடுவன் பூனை தட்டில் உட்கார்ந்து முக்குகிறது. மலச்சிக்கல்தானே? (வாசகி, பட்டம்)
ப: மூத்திரம் அடைத்திருந்தால்? விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். விளக்கெண்ணெயை வைத்துவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள்.

கே: சங்குமுகம் கடற்கரையில் நாய் போட்டதை மணலில் மூடிவிடுகிறேன். சரிதானே? (வாசகர், வலியதுறை)
ப: கொக்கிப்புழுவின் லார்வா வெறுங்காலில் ஏறி, தோலுக்கடியில் கோடு போட்டு ஊரும். நீங்கள் மூடியதை யாரோ ஒரு குழந்தை மிதிக்கும். அள்ளுங்கள் ஐயா!

கே: யானைக்குமா இதெல்லாம் பார்ப்பார்கள்? (மாணவி, காட்டாக்கடை)
ப: யானைக்குத்தான் முதலில்! பக்கத்திலேயே கோட்டூர் காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறதே. பெரிய யானை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிலோ பிண்டம், அதாவது லத்தி, போடும். அதை உடைத்து நார் எவ்வளவு நீளம் என்று பார்த்தால் போதும். நீளநீளமாகக் கிடந்தால் கடைவாய்ப்பல் தேய்ந்துவிட்டது, மெல்ல முடியவில்லை. யானைக்கு ஆயுளில் ஆறு செட் கடைவாய்ப்பல்தான், அதன்பின் கிடையாது.

பிண்டமே வராவிட்டால் கேரளமே பயப்படும் எரண்டகெட்டு. காய்ந்த பனம்பட்டையும் போதாத தண்ணீருமாக, குடல் அடைத்துக்கொள்ளும். எத்தனையோ கொம்பன்களைக் கொண்டுபோன நோய். உற்சவத்தில் நெற்றிப்பட்டத்தை அண்ணாந்து பார்க்கிறவர்கள், பின்பக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

கே: பரிசோதனைக்கு எப்படி எடுத்துப் போவது? (வாசகி, குடப்பனக்குன்னு)
ப: அரசு கால்நடை மருத்துவமனையை உங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டு கேட்கிறீர்களே! புதிதாக, ஒரு ஸ்பூன், மண் ஒட்டாமல், மூடியுள்ள சுத்தமான டப்பாவில். சில மணி நேரத்தில் போக முடியாவிட்டால் பிரிட்ஜில் வைக்கலாம், பிரீசரில் கூடாது. மேலே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பசியோடு பிரிட்ஜைத் திறப்பவர் யாரென்று தெரியாது!