பாட்டிலுக்கு உள்ள மரியாதை

பெரம்பலூரில் ஒரு குவார்ட்டர் வாங்கினால் கூடுதலாக 10 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். அடையாளத்துக்கு ஸ்டிக்கர் உண்டு. உடைந்த பாட்டில் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறதே என்று உயர் நீதிமன்றம் அதட்டியதால் 2022-ல் நீலகிரியில் பிறந்த திட்டம் இது. பெரம்பலூருக்கு வந்தது, அரியலூருக்கும் வந்தது. நல்ல திட்டம்தான்.

பாட்டில் பத்திரமாகக் கடைக்குத் திரும்பிவிடுகிறது. அதைக் காலி செய்தவர்? வாசலில் நிறுத்திய பைக்கை உதைத்துக் கிளப்பி, சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறார். அவர் மேல் ஸ்டிக்கர் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 185-வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறு தடவை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். மூன்றாம் தடவை? அதே 15,000. பத்தாம் தடவை? அதே. அடுத்தவர் உயிரோடு விளையாடுவதற்கு ஒரே ஒரு விலையேற்றம், அதுவும் 5,000 ரூபாய். நம் வீட்டு சிலிண்டருக்கு இந்தச் சலுகை கிடையாது.

லைசென்ஸை முடக்குவார்களாம். முடக்கட்டும். லைசென்ஸ் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகாத பைக்கை இன்னும் யாரும் செய்யவில்லை.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கை நடத்தியவர் தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு. கடைகள் உள்ளே நகர்ந்தன. அந்த 500 மீட்டரை யார் நடந்து போனார்கள்? 2017 ஜூலையில், நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்ற விளக்கமும் வந்தது. ஊருக்குள் குடித்தால் போதை ஏறாது போலும்.

2024-25-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். பகல் 12 மணிக்கு ஷட்டரைத் தூக்குவது அரசு. இரவு ரோட்டில் நின்று "ஊது" என்பதும் அரசு. ஊற்றியது யார் என்று அந்தக் கருவி காட்டாது.

ரோடு ரோடாக ஏன் அலைய வேண்டும்? கடை வாசலில், பைக் நிற்கும் இடத்தில், ஒரு போலீஸ்காரரை நிறுத்தினால் போதும். நிறுத்த மாட்டார்கள். அங்கே பிடித்தால் விபத்து மட்டுமா குறையும்? விற்பனையும் அல்லவா படுத்துவிடும்!