மாப்பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி எத்தனை?

பொறியியல் பட்டம் இலாபமா நட்டமா என்று ஊருலகமெல்லாம் மண்டையைப் பிய்க்கிறது. அமெரிக்காக்காரன் கடனெடுத்துப் படித்து, அதைக் கட்டிமுடிக்கும் முன் தலை நரைத்துவிடுகிறான். பாவம், அவனுக்கு யாழ்ப்பாணத்து மண்டைதீவில் ஒரு மாமனார் வாய்க்கவில்லை.

எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா புண்ணியத்தில் 1945 முதல் படிப்பு இலவசம். பேராதனை, மொறட்டுவை, கிளிநொச்சி அறிவியல்நகர், எங்கே போனாலும் நாலு வருசத்துக்குக் கட்டணம் கிடையாது. மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் கைச்செலவுக்கும் அரசாங்கமே தரும். 2025 வரவுசெலவுத் திட்டம் அதை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கியது. அரசாங்கத்துக்கு ஏது காசு? சவர்க்காரம் வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் 18 வீதம் வற் கட்டுகிறோமே, அதுதான்.

அப்படிக் கட்டுகிறவர்களில் பண்ணைக் கடலில் நண்டு வலை விடுகிற ஒரு தகப்பனும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தபோதும் அவர் தொழிலுக்குப் போனார். மகள் கணிதப் பிரிவு. பாலம் கடந்து யாழ்ப்பாணத்து ரியூற்றறிக்குப் போய்வர வேண்டும். தீவகத்துப் பிள்ளையும், வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி ரியூசன் இருக்கிற நகரத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கோட்டாவில்தான் முட்டி மோத வேண்டும். முட்டினாள், வென்றாள். இன்று பொறியியலாளர்.

இனித்தான் கணக்குத் தொடங்குகிறது. பொறியியலாளர்ப் பெண்ணுக்குப் பொறியியலாளர் மாப்பிள்ளைதானே பொருத்தம்? தரகர் வருவார். சாதகம் பொருந்தும், செவ்வாய் பொருந்தும், கடைசியில் தொகை மட்டும் பொருந்தாது. பெடியன் பொறியியல் படித்தால் பெடியனுக்கு விலை ஏறும். பெட்டை பொறியியல் படித்தாலும் பெடியனுக்குத்தான் விலை ஏறும்! ஒரே பீடம், ஒரே ஆய்வுகூடம், ஒரே பட்டச் சுருள். அவன் கையில் அது காசோலை, அவள் கையில் அது கடன் பத்திரம். இப்படியொரு பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் பாடமாக வைக்கவில்லை.

“எங்களுக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு” என்பார் மாப்பிள்ளையின் அம்மா. சரி, இந்த வீட்டில் வாங்கி அந்த வீட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றே வைப்போம். பொம்பிளைப் பிள்ளையே இல்லாத வீடும் அதே தொகையைத்தானே கேட்கிறது, அது யாருக்கு? மெல்பேர்ணில் வீடு வாங்க முன்பணத்துக்கு. நண்டு வலைக்காரர் ஒஸ்ரேலியாவின் வீட்டுச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கிறார்.

ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய தேசவழமையைக் குறை சொல்லத் தோன்றும். அதிலாவது சீதனம் பெண்ணின் சொத்து. நாளைக்கு ஒன்றென்றால் அவள் கேட்டு வாங்கலாம். எங்கள் மூளை அதற்கும் வழி கண்டுபிடித்தது. காணி, வீடு, நகையோடு தனியாக ரொக்கம், அதற்கு டொனேசன் என்று பெயர். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால் போனதுதான், பற்றுச்சீட்டுக் கிடையாது. அநாதை இல்லத்துக்குக் கொடுப்பதுபோல ஒரு பெயரை வைத்துக்கொண்டு, கொழும்பில் மாதச் சம்பளம் எடுக்கும் ஆரோக்கியமான ஆண்மகனுக்குக் கொடுக்கிறோம்.

1971இல் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 400க்கு 227 போதும், தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும் என்றார்கள். அந்த 23 புள்ளி அநியாயம் எங்கள் பெடியளைத் தெருவில் இறக்கியது. பிறகு நடந்ததைத் தீவகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. உயிரைக் கொடுத்துக் கேட்ட உரிமையைத்தான் இன்று தரகரின் பைக்குள் வைத்து விலை பேசுகிறோம். வெட்டுப்புள்ளி அரசாங்கம் போட்டால் இன ஒடுக்குமுறை. சம்பந்தி போட்டால் சம்பிரதாயம்.

ஒளித்துச் செய்வதால்தான் ஆளுக்கொரு விலை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு என் தாழ்மையான வேண்டுகோள்: வருடாவருடம் வெளியிடும் அனுமதிக் கைநூலில் இசட் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலையும் சேருங்கள். சிவில் எவ்வளவு, மின்னியல் எவ்வளவு, கணினி எவ்வளவு, கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தால் மேலதிகமாக எவ்வளவு. பெற்றோர் பிள்ளை பிறந்தவுடனேயே திட்டம் போடலாம். பெண் பிறந்தால் வலையையும் வள்ளத்தையும் அன்றைக்கே அடகு வைக்கலாம்.

இந்தப் பேரத்தை நடத்த இடமும் கிடைத்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நட்டார். 40,000 பேர் இருக்கலாமாம். இவ்வளவு பேர் எங்கிருந்து வரப்போகிறார்கள் என்று சிலர் கேலி செய்கிறார்கள். ஆட்டக்காரரை ஏலத்தில் எடுக்கும் காலம் இது. மாப்பிள்ளைமாரைப் பட்டச் சட்டையோடு நடுவில் நிறுத்தி ஏலத்தைத் தொடங்குங்கள், அரங்கு நிறையும். தகப்பன்மாருக்கு மட்டும் நுழைவுச்சீட்டு வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.